வெறுங்கை மாஸ்டருக்கு ஒரு பலகை

நாங்கள் அமைக்கப் புறப்பட்டது மண்டபமே அன்று, ஒரு நடைவழி. என் பழைய பள்ளியில் அலுவலக அறைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே இருபத்திரண்டு அடி நீளச் சுவர் ஒன்று உண்டு. அதன் ஒரு முனையில் தண்ணீர்க் குழாய், மறுமுனையில் மணல் வாளிகள். அந்தச் சுவரில் பன்னிரண்டு பித்தளைப் பலகைகளைப் பொருத்தி, மேலே ‘பள்ளி பேண்டு மாஸ்டர்கள் புகழ் மண்டபம்’ என்று எழுதிவிட்டால் நடைவழி மண்டபமாகிவிடும் என்று குழுவினர் மூவர் நம்பினர். குழுவில் இருந்தவர்களே நால்வர். நம்பாத நான்காமவன் செயலாளர், அதாவது நான்.

ஓய்வுபெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் என்னை அழைத்ததற்குக் காரணம், பலகை வாசகத்தையும் அழைப்பிதழையும் பிழையின்றி எழுத ஓர் ஆள் வேண்டும் என்பதே. குழுத் தலைவர் அப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர். என் பணிக்காலம் முழுவதும் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். பலகைகளைத் தம் செலவில் செய்து தருபவர் வாத்தியக் கடைக்காரர். மற்றவர் விளையாட்டு டீச்சர். நகரின் பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஆண்டுப் போட்டியில் பதினெட்டு ஆண்டுகள் நடுவராக இருந்தவர்.

முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசினோம். அடுத்த அரை மணி நேரம் கடைக்காரரின் தொலைபேசி எண்ணைப் பற்றி.

“சின்னதா சார், பலகையோட கீழ் ஓரத்துல. எறும்பு மாதிரிதான் இருக்கும்” என்றார் அவர்.

“பன்னிரண்டு பலகையிலும் எறும்பு ஊர்ந்தா, பார்க்க வர்றவங்க மாஸ்டர் பேரைப் படிப்பாங்களா, மருந்து வாங்க ஓடுவாங்களா?” என்று கேட்டேன்.

விளையாட்டு டீச்சர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. “செலவு பண்றவன் வாயை மூடிக்கிட்டுப் பண்ணணும், அப்படித்தானே?” என்று முறைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தலைவர் அவரைச் சமாதானப்படுத்த மேலும் கால் மணி நேரம் கழிந்தது.

விதி ஒன்று வகுத்திருந்தார்கள். ஆண்டுப் போட்டியில் குறைந்தது மூன்று முதற்பரிசுக் கோப்பைகளைப் பெற்ற மாஸ்டருக்கே சுவரில் இடம். அப்படி எண்ணியதில் பதினொருவர் தேறினர். முதல் பலகை எங்கள் பள்ளிக்குப் பதினேழு கோப்பைகளை வென்று கொடுத்தவருக்கு. அவரை ஊரே ‘கப்பு மாஸ்டர்’ என்றுதான் அழைக்கும். பன்னிரண்டாம் இடம் காலியாக இருந்தது.

“இன்னும் ஒருத்தர் இருக்கார்” என்றேன்.

“யாரு சார்?”

சொன்னேன். என் தங்கையின் கணவர். எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சிறிய பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் பேண்டு மாஸ்டராக இருந்தவர்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அவருக்கு எத்தனை கப்பு?”

“இல்லை.”

“ஒண்ணுகூடவா?”

“ஒன்றுகூட இல்லை.”

“அப்புறம் எந்தக் கணக்குல சார் அவரைச் சேர்க்கறது? மச்சினன் கணக்குலயா?”

கடைக்காரர் தம் எறும்புக்குப் பழி வாங்கிவிட்டதைப் போல வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சிவந்தது. ஆனால் தலைவர் கேட்டது தவறென்று சொல்ல முடியவில்லை.

கோப்பை கிடைக்காத காரணத்தை விளையாட்டு டீச்சரே விளக்கினார். போட்டியில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு பேர் என்று முப்பத்தாறு பிள்ளைகள் அணிவகுக்க வேண்டும். நடுவர்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் காதைக் கொடுப்பார்கள். வாத்தியத்தை ஏந்திக்கொண்டு ஊதாமல் நடக்கும் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண் கழியும். என் மைத்துனரின் அணியில் ஒவ்வோர் ஆண்டும் எட்டு ஒன்பது பேர் அப்படி ஊமையாக நடந்தார்கள். அது அவருடைய முறை. புதிதாகச் சேரும் பிள்ளை முதல் ஆண்டில் ஊதவே கூடாது. விரல்களை உரிய இடத்தில் வைத்து, மற்றவர் மூச்செடுக்கும் இடத்தில் மூச்செடுத்து, வரிசை பிசகாமல் நடக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் ஊதலாம்.

“நான் தலையில அடிச்சுக்காத குறையாச் சொன்னேன் சார்” என்றார் டீச்சர். “சின்ன அணிப் பிரிவு ஒண்ணு இருக்கு, இருபத்தஞ்சு பேரோட வாங்க, ஊமைங்களை வீட்ல விட்டுட்டு வாங்கன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘வீட்ல விட்டா எப்ப டீச்சர் நடக்கக் கத்துக்கும்?’னார். நானும் கழிச்சுக்கிட்டே இருந்தேன், அவரும் கூட்டிக்கிட்டே வந்தார்.”

தீர்மானம் ஏதுமின்றிக் கூட்டம் கலைந்தது. இந்தக் குழுவுக்குத் தலைமுழுகிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்திருப்பேன். முடியவில்லை. என்னைச் செயலாளராக இருக்கும்படி வற்புறுத்தியவள் என் தங்கை.

அவளுக்கு அந்தப் பலகை எதற்கு என்பதை அவள் ஒளிக்கவில்லை. கப்பு மாஸ்டர் என்று ஒருவரை அழைத்த ஊர், என் மைத்துனரை ‘வெறுங்கை மாஸ்டர்’ என்று அழைத்தது. கடையில், பேருந்தில், பிள்ளைகளின் பள்ளியில், கலியாண வீட்டில் என்று எங்கு சென்றாலும் அவள் வெறுங்கை மாஸ்டர் வீட்டம்மா. முப்பது ஆண்டுகள் கேட்டுவிட்டாள்.

“அவர் கண்ணை மூடறதுக்குள்ள அந்தப் பேரை நான் சுரண்டி எடுக்கணும் அண்ணே. நீ எழுதறதுல கெட்டிக்காரன். எழுது” என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் முற்பகல் அவள் வீட்டுக்குச் சென்றேன். மைத்துனர் உணவு மேசையில் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய ட்ரம்பெட்டின் வால்வுகளைக் கழற்றி, வரிசையாக அடுக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தாறு. எந்தப் பள்ளியிலிருந்தோ யாரோ இன்னும் ஓட்டை வாத்தியங்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்பே கொடுத்துவிட்டிருந்த குழுவின் விண்ணப்பப் படிவம் எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தது.

“நிரப்பிட்டீங்களா மாப்பிள்ளை?”

“நிரப்பிட்டேன் மச்சான்.”

எடுத்துப் பார்த்தேன். ‘பெற்ற பரிசுகள்’ என்னும் கட்டத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார். ‘சிறப்புச் சாதனைகள்’ என்னும் கட்டத்திலும் ஒரு கோடு. கையொப்பம் மட்டும் தெளிவாக இருந்தது.

“இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?”

“கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கேன். இல்லாததை இருக்குன்னு எழுதவா?”

தங்கை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “பாத்தியா அண்ணே? இப்படித்தான் ரெண்டு நாளா. நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இந்த மனுஷன் தன்னோட கல்யாணத்தன்னிக்கே ‘மாப்பிள்ளை யாரு’ன்னு கேட்டா வேற எவனையாவது கை காட்டியிருப்பாரு.”

“கேட்டிருந்தா உங்க அண்ணனைக் காட்டியிருப்பேன். அன்னிக்கு என்னைவிட நல்ல சட்டை போட்டிருந்தது அவர்தான்” என்று சொல்லிவிட்டு மைத்துனர் இரண்டாம் வால்வைத் துடைக்கத் தொடங்கினார்.

“சிரிக்காதே அண்ணே! நீ சிரிச்சா அவருக்குக் கொழுப்பு ஏறும்.”

நான் சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எதை எழுதலாம் என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். அதை எழுதாமலிருக்கவே நான் குழுவைப் பற்றியும் திரைச்சீலையைப் பற்றியும் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போது விளங்கியது.

செய்தி இதுதான். எங்கள் பெரிய பள்ளியில் நான் பதினான்கு ஆண்டுகள் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். கப்பு மாஸ்டருக்கு ஊதக் கற்றுக்கொடுக்கத் தெரியும். நடந்துகொண்டே ஊதக் கற்றுக்கொடுக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் மாதத்தில், என் மைத்துனரிடம் ஓராண்டு ஊமையாக நடந்து முடித்து, இனி ஊதலாம் என்ற நிலைக்கு வந்த பிள்ளைகள் எட்டு ஒன்பது பேர், சிறிய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். கட்டணச் சலுகை உண்டு; சீருடை இலவசம். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒவ்வொருவருக்கும் ‘குடியிருப்பு மாற்றம்’ என்று இருக்கும். பிள்ளைகள் அதே வீட்டிலிருந்து, அதே தெரு வழியாகத்தான் நடந்து வந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் நூற்றிருபத்தொரு பேர். என் மைத்துனரின் வரிசையில் அவர்கள் விட்டுச் சென்ற இடங்களைப் புதிய பிள்ளைகள் நிரப்பினார்கள். புதிய பிள்ளைகள் ஊதக் கூடாது. ஊதாத பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கழியும். அவருடைய கை வெறுங்கையான கணக்கு இவ்வளவுதான்.

இரண்டாம் கூட்டத்துக்குச் சேர்க்கைப் பதிவேடுகளை அலுவலகத்திலிருந்து வாங்கி மேசைமேல் அடுக்கினேன். பலகைக்கான புகைப்படம் எடுப்பதற்காகக் கப்பு மாஸ்டரும் அன்று வந்திருந்தார். எண்பது வயது, கைத்தடி, குரல் மட்டும் இன்னும் மைதானத்துக் குரல்.

பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். ஆண்டு, பெயர், முந்தைய பள்ளி, காரணம் எல்லாவற்றையும் படித்தேன். பேண்டில் சேர்வதற்காகப் பெற்றோர் பொய்க் காரணம் காட்டிப் பிள்ளைகளை மாற்றினர் என்றும், எங்கள் பள்ளியின் கோப்பைகளில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளைகளால் வந்தவை என்றும் சொன்னேன். பெற்றோர் என்றுதான் சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து மிக எளிதாக வந்தது.

தலைவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது.

“பெத்தவங்க என்னதான் சார் செய்ய மாட்டாங்க? நமக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“அதானே!” என்றார் கடைக்காரர்.

டீச்சர் தம் பழைய குறிப்பேட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். “ஊமைங்களுக்காகக் கழிச்ச மார்க்கைத் திருப்பிக் குடுத்தா, அவருக்கு நாலு முதல் பரிசு சார். நேத்து உக்காந்து கூட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“கப்பு மாஸ்டர் என்ன சொல்றீங்க?” என்று தலைவர் கேட்டார்.

அவர் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். “என்னத்தைச் சொல்ல? பிள்ளைங்க தயாரா வந்துச்சு, நான் ஊத வச்சேன். அந்த ஆளுகிட்ட ஒரு வருஷம் நடந்த பிள்ளை, பள்ளத்துல இறங்கினாலும் சுருதி விடாது. என் பிள்ளைங்க கல்லு தடுக்கினா மூணு தெருவுக்கு அபஸ்வரம். அவர் பலகை இல்லைன்னா என் பலகையையும் ஆணி அடிக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

பன்னிரண்டாம் பலகை நான்கு வாக்குகளாலும் நிறைவேறியது. தீர்மானத்தை நானே புத்தகத்தில் எழுதினேன். தலைவர் மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டார். அந்த மகிழ்ச்சிக்கு என்ன காரணம் என்று நான் ஆராயவில்லை.

அன்று மாலையே தீர்மானத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு விரைந்தேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

“கெடச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சு.”

அவள் ஈரக் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கணவரிடம் கொடுத்தாள். “படிங்க. சத்தமாப் படிங்க. பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்.”

அவர் சத்தமாகப் படிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிகளின்கீழ் ஓட்டிப் படித்தார். இரண்டாம் பத்தியில் விரல் நின்றது.

“பெத்தவங்க பொய்க் காரணம் காட்டினாங்களா?” என்றார்.

“ஆமா. பதிவேட்டுல இருக்கே?”

“பதிவேட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது மச்சான். எங்க பள்ளிக்கூடத்து ஃபைல்ல என்ன இருக்குன்னு தெரியும். டிசி வேணும்னு பெத்தவங்க கொண்டுவந்து குடுத்த விண்ணப்பம் அத்தனையும் எங்கிட்டதான் வரும். கிளார்க்குக்குக் கண்ணு சரியில்லை, நான்தான் படிச்சுச் சொல்லுவேன். எல்லாம் ஒரே கையெழுத்து.”

தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

“அந்தக் காலத்துல ‘தங்கள் உண்மையுள்ள’ன்னு முத்து முத்தா எழுதி, கீழ ஒரு வளைவு போட்டுக் கோடு இழுக்கறவர் இந்த ஊர்லயே ஒருத்தர்தான். எங்க கல்யாணப் பத்திரிகையை எழுதின கை. எனக்குத் தெரியாதா?”

இது வேறெவரும் செய்திருக்க முடியாத மடத்தனம். முதல் ஆண்டில் வந்த பெற்றோர் ஒருவர் எழுதிய விண்ணப்பத்தில் வரிக்கு மூன்று பிழைகள் இருந்தன. என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவரை உட்காரவைத்து, வேறு தாளில் நானே எழுதிக் கொடுத்து, கீழே அவருடைய கையொப்பத்தை மட்டும் வாங்கினேன். அடுத்து வந்தவருக்கும் அப்படியே. காரணம் என்ன எழுதுவது என்று அவர்கள் விழித்தபோது, ‘குடியிருப்பு மாற்றம்’ என்று சொல்லிக் கொடுத்தவனும் நானே. தலைமையாசிரியர் சொன்னதெல்லாம், “பேண்டுக்கு ஆள் வேணும் சார், ஏதாவது பண்ணுங்க” என்ற ஒரு வரிதான். பொய்யை வாக்கியமாக்கியவன் நான். நூற்றிருபத்தொரு முறை. ஒருமுறைகூடப் பிழை விடவில்லை.

“ஒரு அம்மா விண்ணப்பத்தைக் குடுக்க முடியாம எங்க வாசல்ல நின்னு அழுதாங்க” என்றார் மைத்துனர். குரல் உயரவில்லை. “‘சார் எழுதிக் குடுத்துட்டாங்க, பீஸும் குறைக்கிறாங்க, என்ன பண்றது மாஸ்டர்’னாங்க. நான்தான் ‘போயிட்டு வாங்கம்மா, அங்க நல்ல வாத்தியம் இருக்கு’ன்னு அனுப்பி வச்சேன். அவங்களைப் பொய்காரின்னு எழுதிட்டு வந்திருக்கீங்க. அந்தப் பிள்ளைங்க இன்னிக்கு நாலு பிள்ளைக்குத் தாய் தகப்பன். விழாவுக்கு வந்து நின்னு மலர்ல இதைப் படிப்பாங்க. எனக்கு இந்தப் பலகை வேண்டாம். தீர்மானத்தையே அடிச்சிருங்க.”

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயா அண்ணே?”

“அது அப்படி இல்லம்மா. அப்போ பள்ளிக்கூடத்துக்கு…”

“நீயான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“வெறுங்கை வெறுங்கைன்னு ஊரே சொன்னப்ப, எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, ‘ஊர் வாய்க்கு என்னம்மா, விடு’ன்னு எனக்கு ஆறுதல் சொன்னது நீதானே?”

“நாந்தான்.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்களும் இத்தனை வருஷமா வாயத் திறக்கல?”

“உங்க அண்ணன் உனக்கு இருக்கற ஒரே அண்ணன். அதைச் சொல்லி நான் எந்தக் கப்பை வாங்கப் போறேன்?” என்றார் அவர்.

“நல்லா இருக்குய்யா ரெண்டு பேர் நியாயமும்!” என்றாள். பிறகு என்னை நோக்கி விரலை நீட்டினாள். “அவர் வேண்டாம்னு சொல்வாரு. அவர் பேச்சைக் கேட்டு நீ பலகையை எடுத்தே, இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே. பெத்தவங்க பேரையும் இழுக்கக் கூடாது. யார் பண்ணினாங்களோ அவங்க பேரை எழுது. எழுதினதைக் கொண்டுவந்து காட்டு. அதுவரைக்கும் எனக்கு அண்ணன் இல்ல.”

மூன்றாம் கூட்டத்தை நானே கூட்டினேன். திருத்தத் தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு சென்றிருந்தேன். ஏழு முறை கிழித்து எட்டாம் முறை எழுதியது. பிறர் குற்றத்தை எழுதுகையில் சொற்கள் எத்துணை விரைவாக வந்து நிற்கின்றன என்பதையும், தன் குற்றத்தை எழுதுகையில் அதே சொற்கள் எப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிகின்றன என்பதையும் அந்த இரண்டு நாட்களில் அறிந்தேன்.

படித்து முடித்ததும் தலைவர் எழுந்து சென்று அறைக் கதவைச் சாத்தினார்.

“சார், உங்களுக்கு என்ன ஆச்சு? இது விழா மலர்ல அச்சாகும். உங்க பழைய மாணவங்க படிப்பாங்க.”

“படிக்கட்டும்.”

“இவ்வளவு தூரம் எதுக்கு சார்? எளிமையா முடிச்சிருவோம். ரெண்டாவது பத்தியையே மொத்தமா எடுத்துரலாம். பெத்தவங்களும் இல்லை, நீங்களும் இல்லை. பலகை மட்டும் நிக்கட்டும். யாருக்கும் சங்கடம் இல்லை.”

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடி என் நெஞ்சு ஆம் என்றது. பலகை நிற்கும், பெற்றோர் பெயர் கெடாது, என் பெயரும் கெடாது. மைத்துனருக்கு அது போதும். ஆனால் காரணம் சொல்லாத பலகையை ஊர் எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பையே வாங்காத மனிதருக்கு, மச்சான் செயலாளராக இருந்ததால் கிடைத்த பலகை என்று படிக்கும். வெறுங்கை என்ற பெயரோடு ஓசிப் பலகை என்ற பெயரும் என் தங்கையின் தலையில் விழும்.

“முடியாது. இது இல்லாம அந்தப் பலகைக்கு அர்த்தமில்லை” என்றேன்.

“உங்க பிடிவாதம் இன்னும் போகலை சார்!” என்று தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதுல என் பேர் எங்கயாவது வருதா?”

“நீங்க ஆள் வேணும்னு சொன்னீங்க. பொய் எழுதச் சொல்லலை. அது என் யோசனை. அதனால வரலை.”

அவர் தாளை இரண்டாம் முறை தாமே படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். கடைக்காரர் இதுதான் சமயமென்று, “அப்போ அந்த போன் நம்பர்…” என்று தொடங்கினார்.

“கடைக்காரரே, இப்ப நீங்க வாயைத் திறந்தீங்க, உங்க டிரம் கிழியும்” என்றார் டீச்சர். அவர் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். கடைக்காரரும் உயர்த்தினார். தலைவர் நீண்ட பெருமூச்சுக்குப் பிறகு கையொப்பமிட்டார்.

மறுநாள் பிற்பகல், அச்சகத்துக்குத் தாளை அனுப்புவதற்கு முன் தங்கை வீட்டுக்குச் சென்றேன். அவள் என்னை உள்ளே அழைக்கவில்லை. வாசற்படியிலேயே நின்று தாளை வாங்கிப் படித்தாள். ‘சேர்க்கைப் பொறுப்பாசிரியராகிய நான், நூற்றிருபத்தொரு மாணவர்களின் பெற்றோருக்குப் பொய்யான காரணத்தைச் சொல்லிக்கொடுத்து, விண்ணப்பங்களை என் கைப்பட எழுதினேன். அப்பிள்ளைகளை நடக்கப் பழக்கியவர் இவர். அவர்கள் வென்ற கோப்பைகளில் இவருக்குப் பங்குண்டு’ என்ற வரிகளை இருமுறை படித்தாள் என்பது அவளுடைய உதட்டசைவில் தெரிந்தது. தாளைக் கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் படியிலேயே நின்றேன்.

மைத்துனர் படித்தார். நெடுநேரம் படித்தார்.

“பெத்தவங்க மேல பழி இல்லையே மாப்பிள்ளை?” என்று படியிலிருந்தே கேட்டேன்.

“இல்லை. அது சரியா இருக்கு.”

“அப்புறம் என்ன யோசனை?”

“எண்ணிக்கை தப்பு மச்சான்.”

“எது?”

“நூத்தி இருபத்தொண்ணு இல்ல. நூத்திப் பத்தொன்பது.”

“பதிவேட்டை வச்சு மூணு தடவை எண்ணினேன்!”

“பதிவேடு சரிதான். அதுல ரெண்டு பேர் நிசமாவே வீடு மாறினாங்க. அண்ணனும் தங்கச்சியும். பெரியவன் யூஃபோனியம்கற பெரிய குழல், சின்னது சைடு டிரம். அப்பாவுக்கு வேலை போயி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சின்ன வீடாப் பாத்துப் போனாங்க. நான்தான் ஒரு வண்டி பிடிச்சு சாமானை ஏத்திவிட்டேன்.”

“விண்ணப்பம் நான் எழுதினதுதானே?”

“நீங்க எழுதினதுதான். ஆனா அது நிசம். உங்களுக்கே தெரியாம ரெண்டு நிசம் எழுதியிருக்கீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “மாப்பிள்ளை, இதுக்கு நான் நாலாவது கூட்டம் கூட்டணும். தலைவர் கையெழுத்து வாங்கணும். அந்தக் கடைக்காரர் மறுபடி போன் நம்பரை எடுப்பார். அச்சகத்துக்காரன் நாலு மணிக்குக் கடையைச் சாத்திடுவான். ரெண்டு பேர்தானே? போகட்டுமே?”

“அந்த ரெண்டு பேர் வீட்டுக்குப் பொய் சொல்லிக்குடுத்தேன்னு எப்படி எழுதுவீங்க? நீங்க அவங்களுக்குப் பொய் சொல்லித்தரவே இல்லையே?”

தங்கை அவரிடமிருந்து தாளை வாங்கி வந்து, படியில் நின்ற என்னிடம் நீட்டினாள். மூன்று நாட்களில் முதன்முறையாக என்னிடம் பேசினாள்.

“மணி மூணே காலு. நடையைக் கட்டு. தலைவரைப் பிடிச்சு மாத்தி எழுதிட்டு வா, அதுக்கப்புறம் உள்ள வரலாம்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டியபடியே தலைவர் வீட்டை நோக்கி நடந்தேன்.